கட்டை உயர்த்துவதா, தண்ணீருக்கு இடம் விடுவதா: படுவான்கரைத் தாழ்நிலத்துக்கு முன்னால் உள்ள நாலு வழிகள்

வருகிற பெரும்போக (மாரி நெற்செய்கை) ஆரம்பக் கூட்டத்துக்கு முன் எங்கள் விவசாய அமைப்பு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ஆற்றங்கரைக் கட்டும் அதை ஒட்டிய தாழ்ந்த வட்டைகளும் (வயல்வெளிகளும்) இனி யார் பொறுப்பில், எந்த ஒழுங்கில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். செயலாளர் என்பதால் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஊருக்குள் நாலு யோசனைகள் சுற்றுகின்றன. நாலுக்கும் ஆள் இருக்கிறது, நாலிலும் நியாயம் இருக்கிறது. கடிதத்துக்கு முன் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போரதீவுப்பற்று, நாவிதன்வெளி, கிரான், சித்தாண்டி என்று எங்கே தாழ்நிலத்தில் வெள்ளாமை செய்கிறவருக்கும் இது உதவலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், மட்டக்களப்பு மாவட்டமும் அம்பாறை மாவட்டமும் முட்டும் மூலையில். ஒரு பக்கம் நவகிரிக் குளத்து நீர். இன்னொரு பக்கம் பட்டிப்பளை ஆறு. கல்லோயா என்று வரைபடத்தில் இருப்பது அதுதான். 1950களின் தொடக்கத்தில் இங்கினியாகலையில் அதை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டினார்கள். கிழக்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. மேலே பெய்வதெல்லாம் எங்கள் வட்டைகளைத் தாண்டித்தான் வாவிக்குப் போக வேண்டும். வாவி அதை வாங்க வேண்டுமானால் வடக்கே பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரமோ தெற்கே கல்லாற்று ஆற்றுவாயோ திறந்திருக்க வேண்டும். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுகிற நாடு இது. 1957 டிசம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2011 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற வெள்ளாமை தண்ணீருக்குள் போனதையும், ஒரு மாதம் கழியவில்லை, பெப்ரவரியில் மறுபடி மூழ்கியதையும் நானே கண்டேன்.

முதலில் ஓர் இரவைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

மூன்று நாளாக மழை விடவில்லை. இரவு பத்தரை இருக்கும், எங்கள் வட்டவிதானை (வட்டையின் தண்ணீரைப் பார்க்கும் பொறுப்பாளர்) தொலைபேசியில் கோல் எடுத்தார். "மனே, மருதமரத்தடியில கட்டு ஒழுகுது. கெதியா வா." போய்ப் பார்த்தால் அது ஒழுகல் என்று சொல்லக்கூடியதாக இருக்கவில்லை. கட்டின் வயல்பக்கத்து அடியில் நண்டு வளை அளவில் ஓர் ஊற்று, கொதிக்கிற பானை மாதிரி மண்ணைத் துப்பிக்கொண்டிருந்தது. ரோச் வெளிச்சத்தைக் கிட்டப் பிடித்தார். தண்ணீர் கலங்கல். தெளிந்த நீர் கசிந்தால் பொழுது இருக்கிறது, கலங்கி வந்தால் கட்டின் வயிறு கரைகிறது என்று அப்பா சொல்லித் தந்திருக்கிறார். அப்படி வரும்போது ஓட்டையை நேரே அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மண்மூட்டையைக் கிணற்றுக்கட்டு மாதிரி அடுக்கி, உள்ளே தண்ணீரை ஏற விட வேண்டும். அந்த ஏறிய தண்ணீரின் பாரம் ஊற்றின் வேகத்தைக் குறைக்கும், மண் வருவது நிற்கும். எங்களுக்கு வேண்டியது நூறு மூட்டையும் மண் அள்ளும் ஒரு பெக்கோ இயந்திரமும்.

மூன்று அலுவலகங்களுக்கு அழைத்தேன். முதலாவது இடத்தில், அந்தத் துண்டு தங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில், றோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளது மட்டும்தான் தங்களுடையது என்றார்கள். மூன்றாவது இடத்தில் மூட்டை இருந்தது, பாரம் ஏற்ற ஆளும் இருந்தது, ஆனால் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்ப மேலிடத்துக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். உரப்பையில் களிமண் அள்ளி விடியும்வரை நாங்களே அடுக்கினோம். நாலு மணியளவில் கட்டு போனது. முதலில் சத்தமே இல்லை. மருதமரம் மெதுவாகச் சாய்ந்தது, பிறகுதான் இரைச்சல். கதிர் வெளிவர இருந்த குடலைப் பருவத்தில் நின்ற வெள்ளாமை ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது.

அந்த மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பின்னால் கடிதங்களைத் தேடிப் பார்த்தேன், மூவர் சொன்னதும் தாளில் சரி. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

தாளில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெரிய, நடுத்தரக் குளங்களும் அவற்றின் வாய்க்கால்களும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. அதிலும் மத்திய திணைக்களம் வேறு, மாகாணத் திணைக்களம் வேறு. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறு மத்திய அரசின் கையில். 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்குக் கீழே நீர் பாய்ச்சும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. கட்டின் மேல் போகும் வீதி, அதன் தரத்தைப் பொறுத்து, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாகாணத்துக்கோ பிரதேச சபைக்கோ. ஆற்றொதுக்குக் காணியின் பத்திரம் பிரதேச செயலகத்தில். ஆற்று மணலுக்கு அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். வயலை மண் போட்டு நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அதில் வீடு கட்டப் பிரதேச சபையின் அனுமதி. ஆற்றுவாய்க்குக் கிட்ட வந்தால் கரையோரம் பேணல் திணைக்களம், மீனென்றால் கடற்றொழில் திணைக்களம். வெள்ளம் வந்த பிறகு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம். வெள்ளாமை அழிந்தால் காப்புறுதிச் சபை. ஒரு மைல் கட்டில் நடந்தால் இத்தனை பேருடைய எல்லையையும் மிதித்துவிடலாம். ஒவ்வொருவரிடமும் அதிகாரம் இருக்கிறது, ஒவ்வொருவரிடமும் அது பாதி வழியில் முடிகிறது.

இனி நாலு வழிகளுக்கு வருவோம்.

முதலாவது, எல்லாரும் முதலில் கேட்பது: கட்டை உயர்த்து, அகலமாக்கு, முழுவதையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில் கொடு. இதன் பலம் கண்ணுக்குத் தெரிவது. மண் வரும், இயந்திரம் வரும், ஒரு கோடைக்குள் வேலை முடியும். வீடும் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் இருக்கும் இடத்துக்குக் கட்டு வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. கொழும்பில் களனி ஆற்றின் இரு கரையிலும் வெள்ளக் கட்டு இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது நகரம். அங்கே அது பொருந்தும்.

எங்கள் வட்டைகளில் கணக்கு வேறு. நாங்கள் இரண்டடி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் எதிர்க்கரைக்கு ஏறும். எதிர்க்கரை இன்னொரு மாவட்டம், அங்கேயும் எங்களைப் போல ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்களும் அடுத்த ஆண்டு இரண்டடி கேட்பார்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் இரவில் மண்வெட்டியோடு வருவார்கள், அப்படி நடந்ததும் உண்டு. ஆறு இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒடுங்கி ஓடினால் அது கொண்டுவரும் வண்டலும் வயலில் படியாமல் ஆற்றுக்குள்ளேயே படிந்து அடித்தளம் உயரும். அடுத்தது இன்னும் மோசம். எங்கள் நட்டம் எல்லாம் ஆற்றுத் தண்ணீரால் வருவதில்லை. பாதிக்கு மேல் வயலுக்குள்ளேயே பெய்த மழை வடியாமல் நிற்பதால் வருவது. உயர்ந்த கட்டு அந்தத் தண்ணீரையும் உள்ளே பூட்டிவிடும். வடிச்சல் வாய்க்கால்களில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு போட்டாலும், வெளியே ஆறு உள்ளேயைவிட உயர்ந்து நிற்கும்வரை அந்தக் கதவு திறக்காது. பிறகு பம்பு வேண்டும். பம்புக்கு டீசல், டீசலுக்குக் காசு, பழுதானால் இன்னொரு கடிதம்.

இந்தப் பாதையில் போய்ப் பார்த்த ஊர் நம் நாட்டிலேயே இருக்கிறது. மாத்தறையில் நில்வளா ஆற்றுக்கு 1980களில் கட்டும் பம்பு நிலையங்களும் போட்டார்கள். வெள்ளம் குறைந்த இடமும் உண்டு. ஆனால் தாழ்ந்த வயல்களில் தண்ணீரை இறைத்து மண்ணைக் காய விட்டபோது, அடியில் கிடந்த கந்தகக் களி காற்றுப்பட்டுப் புளிப்பேறிப் பல வயல்கள் கைவிடப்பட்டன. 2003லும் 2017லும் பெருவெள்ளம் மாத்தறைக்குள் வந்தது. அந்தக் கட்டு செய்தது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் என்ன மண், தண்ணீர் எங்கே வடியும் என்று பார்க்காமல் உயரத்தை மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்கிறேன். வாவியோரத்துச் சேற்று மண்ணைத் தோண்டிக் காயவைத்தவர்களுக்கு அந்தக் கெட்ட மணம் தெரியும்.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். தாழ்நிலத்தைத் தண்ணீருக்கு விட்டுவிடுவது. ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் மாரி வெள்ளாமை வேண்டாம், சிறுபோகம் மட்டும். மாரியில் அது தண்ணீர் தங்கும் இடம், கோடையில் மாட்டுப் பட்டிக்கு மேய்ச்சல். அதற்கு மேலே ஒரு முழக் கட்டோடு வயல். அதற்கும் மேலே வீடு. நிரப்புவதற்கு எங்கேயும் அனுமதி இல்லை. பழைய போடிமார் (பெரிய காணிக்காரர்) காலத்தில் இதற்குக் கிட்டத்தட்டத்தான் இருந்தது. மேட்டுக் கண்டம், பள்ளக் கண்டம் என்று பேர் வைத்ததே விதைப்பு நாளும் நெல்லினமும் வேறு வேறாக இருந்ததால்தான். வெள்ளம் தங்கிய வயலில் வண்டல் படியும், களை குறையும், வில்லுகளில் (வெள்ளம் தேங்கும் பள்ளங்களில்) மீன் பெருகும். படுவான்கரையில் பிறந்தவனுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

மனசுக்குள் எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் என்னுடைய நாலு ஏக்கரில் மூன்று மேட்டில் இருக்கிறது. பள்ளக் கண்டத்தில் முழுக் காணியும் உள்ளவர் முன்னால் நின்று இதைச் சொல்லும்போது வாய் கூசுகிறது. அவருக்குப் பெரும்போகம் போனால் ஆண்டு போச்சு. சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் மிஞ்சுமா என்பது சித்திரையில்தான் தெரியும். அரசின் அனுமதிப்பத்திரத்தில் இருக்கும் பெர்மிட் காணிக்காரர் என்றால் அதை விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. நட்டஈடு என்று சொன்னாலும் வெள்ளம் வந்து, ஆள் வந்து பார்த்து, படிவம் போய், காசு வருவதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிடுகிறது.

காணியைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நம்பவும் எங்களுக்குக் கஷ்டம். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். தெற்கில் அது 100 மீற்றர். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்தில் கடலுக்கும் வயலுக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டில் சனம் நெருக்கியடித்து வாழ்கிறது. 200 மீற்றரை விட்டால் போவதற்கு வேறு மண் இல்லை. பின்னால் இருப்பது வயல். பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் பல பேர் மேற்கே பார்த்தார்கள், கரைவாகு வட்டைகளின் ஓரங்கள் மண் போட்டு மேடாகத் தொடங்கின. கடலுக்குப் பயந்து வெள்ளத்துக்குள் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்ய வேண்டிய நாட்டில் ஒருவர் எங்கே போவார்? ஆனால் ஒவ்வொரு நிரப்பலும் தண்ணீர் தங்கும் இடத்தில் ஒரு துண்டை எடுத்துவிடுகிறது. அனுமதி கொடுப்பவர் கட்டைப் பார்ப்பதில்லை, கட்டைப் பார்ப்பவரிடம் அனுமதிக் கோப்பு போவதில்லை. இரண்டாவது வழி தனியே நின்றால் அது ஏழையின் காணியில் மட்டும் நடைமுறைக்கு வரும். அதுதான் என் பயம்.

மூன்றாவது வழியை நகரத்தில் படித்த பிள்ளைகள் விரும்புகிறார்கள்: இத்தனை திணைக்களம் வேண்டாம், மலையிலிருந்து கடல்வரை ஓர் ஆற்றுக்கு ஒரே அதிகார சபை. கேட்க நன்றாக இருக்கிறது. தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பதும் உண்மை. ஆனால் இந்த ஆற்றில் அதை ஏற்கனவே செய்து பார்த்தாயிற்று. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையைப் பார்த்து 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தார்கள். அணை, வாய்க்கால், காணி, குடியேற்றம், கரும்பு, எல்லாம் ஒரே சபைக்குள். அந்தச் சபையின் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு முதலில் நினைவு வருவது சிங்களக் குடியேற்றமும் 1956இன் இனக்கலவரமும். 1960களில் அந்தச் சபை ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபைக்குள் போய், கடைசியில் கட்டும் வாய்க்காலும் திணைக்களத்துக்கே திரும்பி வந்தன. பிறகு 1979இன் சட்டத்தோடு மகாவலி அதிகார சபை வந்தது. அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதே கிழக்கில் இன்றைக்கும் ஒரு காணிப் பிரச்சினை. ஒரே அதிகார சபை என்றால் கொழும்பிலிருந்து ஒரே கை காணிக்குள் வருகிறது என்றுதான் தமிழரும் முஸ்லிம்களும் இங்கே விளங்கிக்கொள்வார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுத் திட்டம் எழுத முடியாது. அதோடு புதுச் சட்டம், புது அலுவலகம், ஆள் எடுப்பு என்று பத்து மாரி போய்விடும். இந்த வழியை நான் இத்தோடு விடுகிறேன்.

நாலாவது வழிக்குப் பெயர் கூட ஒழுங்காக இல்லை. ஊரில் "எழுதி வைக்கிறது" என்கிறார்கள். திணைக்களங்கள் இருந்தபடி இருக்கட்டும். மழைக்கு முன், கோபம் இல்லாத ஆவணி புரட்டாதியில், எல்லாரும் ஒரு மேசையில் இருந்து ஒரு தாள் எழுத வேண்டும். ஆற்றில் எந்தக் கோட்டுக்குத் தண்ணீர் வந்தால் யார் என்ன செய்வது, எந்தத் துண்டுக் கட்டு யாருடையது, எந்தக் கதவை யார் கேட்காமலே திறக்கலாம் என்று பெயரோடு எழுத வேண்டும்.

இது ஏன் வேண்டும் என்று விளங்க முகத்துவாரத்தைப் பாருங்கள். கோடையில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் அடைத்துவிடும். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் தள்ளும்போது அந்த மணலை வெட்டிவிட வேண்டும். வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார்கள். இறால் பிடிக்கிறவர்கள் பொறு என்பார்கள், தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கினால் அவர்களுடைய பிழைப்பும் அதோடு இறங்கிவிடும். முந்தி வெட்டி, மழையும் ஏமாற்றினால் உப்பு ஏறி வாவியோர வயல் கெடும். பிந்தினால் வெல்லாவெளி வீதியும் மண்டூர்ப் பக்கமும் தண்ணீருக்குள். இதைத் தீர்மானிக்கக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் கூடும், நான் மேலே சொன்ன திணைக்களங்களில் பாதி வந்திருக்கும். பெக்கோ ஒன்று வாய்க்கால் மாதிரி ஒரு கோடு கிழித்தால் போதும், மீதியைத் தண்ணீரே அரித்து அகலமாக்கிக்கொள்ளும். வேலை சில மணி நேரம். வெட்டலாமா என்ற முடிவுக்குத்தான் நாள் போகிறது, அந்த நாளில்தான் வெள்ளாமை போகிறது. வாவியில் இந்தக் கோடு தொட்டால் வெட்டு, இந்தக் கோட்டுக்குக் கீழே என்றால் தொடாதே என்று வயல்காரரும் தோணிக்காரரும் புரட்டாதியிலேயே கையெழுத்து வைத்திருந்தால் மாரியில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

வீதிக்கும் இதே தேவை. கிட்டங்கித் தாம்போதி (தண்ணீர் மேலால் பாயும் தாழ்ந்த வீதிப் பாலம்) ஆண்டுதோறும் மூழ்கும். மாவடிப்பள்ளியில் 2024 நவம்பர் 26 அன்று மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை அம்பாறை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பிள்ளைகள் பிணமாக வந்தார்கள். அதன் விசாரணைக்குள் நான் போகவில்லை. என் கேள்வி இனிமேலைப் பற்றியது. தாம்போதியில் எந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் தடை போடுவது, போடுகிறவர் யார், சனம் என்ன கத்தினாலும் அதை எடுக்காமல் நிற்கும் அதிகாரம் யாருக்கு? அந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வீதிக்காரருக்கு ஆற்றின் அளவு மணிக்கணக்கில் போய்ச் சேர வேண்டும். மேலே குளத்தில் வான்கதவு திறக்கும் செய்தி தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். உன்னிச்சைக் குளத்தில் கதவு திறந்தால் வவுணதீவுப் பக்கம் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று அங்குள்ளவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அந்த அனுபவமும் தாளில் ஏற வேண்டும்.

தாளில் எழுதினால் யார் மதிப்பார்கள் என்று எங்கள் பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அதிகாரி இடம் மாறுவார், புதியவர் வருவார், கோப்பு அலுமாரிக்குள் போகும். இதுதான் நாலாவது வழியின் பலவீனம், பெரிய பலவீனம். அதற்கு இரண்டு மருந்து கண்டேன். ஒன்று ஆரம்பக் கூட்டம். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தக் கூட்டத்தில் எடுக்கும் முடிவுகளுக்குச் சட்ட வலு உண்டு. விதைப்பு நாளைத் தாண்டியவரை, வேலி அடைக்காதவரை நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம். விதைப்பு நாளையும் தண்ணீர் திறக்கும் நாளையும் எழுதும் அதே அறிக்கையில் வெள்ள ஒழுங்கையும் ஆண்டுதோறும் எழுதிவிட்டால், அதிகாரி மாறினாலும் கூட்டம் மாறாது. அரச அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்கும் கூட்டம் அது, திணைக்களங்கள் எல்லாம் ஏற்கனவே வந்திருக்கின்றன. புதிதாக யாரையும் கூப்பிடத் தேவையில்லை. எல்லைக்கு அப்பால் உள்ள நாவிதன்வெளிக் கூட்டமும் எங்கள் கூட்டமும் ஒரே தாளை நிறைவேற்ற வேண்டும் என்பதுதான் புதிது.

மற்றது 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். நூறு வயதான சட்டம். ஒரு பகுதியை வெள்ளப் பகுதி என்று அறிவித்து, அதற்குள் கட்டையும் தடைகளையும் கட்டுப்படுத்த அதில் வழி இருக்கிறது. பள்ளக் கண்டத்துக்கு மட்டும், வீடு இல்லாத இடத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்தினால், நிரப்ப அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு கோப்பும் கட்டைப் பார்ப்பவரின் மேசைக்கும் போக வேண்டிய நிலை வரும். புதுச் சபை இல்லாமலே இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு கதவு.

விவசாயிகளால் இப்படிச் சேர்ந்து இயங்க முடியுமா என்ற கேள்விக்கும் இந்த ஆற்றிலேயே பதில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் வாய்க்கால் வாய்க்காலாக விவசாயக் குழுக்களை உருவாக்கினார்கள். அதற்கு முன் அது தண்ணீர்ச் சண்டைக்குப் பேர்போன இடம். தலைப்பக்கம் சிங்கள விவசாயிகள், கடைப்பக்கம் தமிழரும் முஸ்லிம்களும். முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், வாய்க்காலைத் தாங்களே துப்பரவு செய்தார்கள், கடைமடைக்குத் தண்ணீர் போனது. நாடு மிகக் கெட்டுப்போன காலத்தில் அது நடந்தது. கோடையில் தண்ணீரைப் பங்கிட முடிந்தவர்களால் மாரியில் வெள்ளத்தையும் பங்கிட முடியும் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

ஆக, கடிதத்தில் நான் எழுதப்போவது நாலாவது வழி. அதற்குள் முதலாவதில் ஒரு துண்டு: குடியிருப்பையும் பாடசாலையையும் சுற்றி மட்டும் உயர்ந்த கட்டு, மற்ற இடத்தில் இருந்த உயரமே போதும், காசை உயரத்தில் போடாமல் வடிச்சல் வாய்க்காலைத் துப்பரவு செய்வதிலும் மாடு இறங்கும் பாதைகளைச் செப்பனிடுவதிலும் போட வேண்டும். சல்பீனியா, ஆற்றுவாழை என்ற நீர்க்களைகள் அடைத்த வாய்க்காலைத் திறந்தாலே தண்ணீர் கெதியாக வடியும். இரண்டாவதிலும் ஒரு துண்டு: பள்ளக் கண்டத்தில் இனி நிரப்பல் இல்லை. அதோடு, கட்டில் ஓர் இடத்தைத் தெரிந்து, அறிந்து, பதிவாக விட வேண்டும். அங்கே அரை முழம் பதித்து, கல் பாவி, தண்ணீர் மிஞ்சினால் அந்த வழியே மெதுவாகப் பள்ளத்துக்குள் இறங்கும்படி. கட்டு எங்கே உடையும் என்று தெரியாமல் இரவில் ஓடுவதைவிட, எங்கே வழியும் என்று எல்லாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருப்பது நல்லது.

அந்த இடத்தை வட்டவிதானையும் நானும் நடந்து பார்த்தோம். மட்டம் பார்த்தால் பொருத்தமான இடம் ஒன்றுதான். அதற்குக் கீழே ஒரே ஆளுக்கு ஆறு ஏக்கர். வயது எழுபது தாண்டியவர், எனக்கு மாமா முறை. விஷயத்தைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. வாடியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். இடையில் பேசவில்லை.

"எண்ட கண்டத்தால தண்ணி விடப்போறீங்க," என்றார் கடைசியில்.

"ஓம் மாமா. மிஞ்சினா மட்டும்."

"மிஞ்சும். ரெண்டு மாரிக்கு ஒருக்கா மிஞ்சும்." கொஞ்ச நேரம் கட்டுப் பக்கம் பார்த்தார். "காசு ஆபீசால வரும் எண்டு சொல்லாத, அது எனக்குத் தெரியும். உங்கட வட்டையில தப்புற வெள்ளாமைக்கு ஏக்கருக்கு எத்தின மரைக்கால் நெல்லு எனக்கு அளப்பீங்க? அதை எழுது. களத்துல சூடடிச்ச அண்டைக்கே அளக்கோணும் எண்டும் எழுது. எதிர்க்கரையாக்களும் அளக்கோணும், அவங்கட கட்டும் தானே தப்புது."

இதை நான் யோசிக்கவே இல்லை. நாலு வழியிலும் இது இருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அமைப்புக் கூட்டத்தில் முதலாவதாக எடுக்கப்போவது இதைத்தான். எதிர்க்கரை அமைப்பின் தலைவருக்கு நேற்று கோல் எடுத்தேன். கிட்டங்கியில் சந்திப்பதாகச் சொல்லியிருக்கிறார், மரைக்கால் கணக்கைத் தானும் கொண்டுவருவாராம்.